அந்தோணி அண்ணனுக்கு ஒரு ஹைப்ரிட்

1. நாலாம் நம்பர் அயன்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தோணி அண்ணன் என் பட்டறைக்குள் வந்தார். தோளில் இருந்த பையிலிருந்து நாலாம் நம்பர் அயன் என்ற இரும்புத் தலை மட்டையை உருவி மேசைமேல் வைத்தார்.

“இதுக்கு வயசாயிடுச்சா, எனக்கு வயசாயிடுச்சா? மறைக்காம சொல்லு.”

“ரெண்டுக்கும்தான் அண்ணே,” என்றேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பட்டறையில் யாரும் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நான் மலேசியாவில், கூலாய்க்கு வெளியே ஒரு டிரைவிங் ரேஞ்சில் கிளப் ஃபிட்டராக, அதாவது கோல்ஃப் மட்டை பொருத்துகிறவனாக இருக்கிறேன். ரேஞ்ச் என்பது கோல்ஃப் பந்தை வரிசையாக நின்று அடித்துப் பழகும் இடம். அதில் ஒருவர் நின்று அடிக்கும் கடைசித் தடுப்பும், அங்கே பந்தின் வேகம், உயரம், தூரம் எல்லாவற்றையும் அளக்கும் மானிட்டரும், பின்னால் உள்ள சின்னப் பட்டறையும் என் பொறுப்பு. வருகிறவர் எப்படி அடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். அவருக்கு எந்தத் தலை, எந்த ஷாஃப்ட் (தண்டு), எவ்வளவு நீளம் என்று முடிவு செய்து, வெட்டி, ஒட்டி, கைப்பிடி போட்டுக் கொடுக்க வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் சிலர், ஹைப்ரிட்களை எப்படி ஒப்பிடுவது என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் ஒப்பிடத் தெரிந்த ஒருவன் அந்த அறிவை வைத்துச் செய்த ஓர் அயோக்கியத்தனத்தையும் சேர்த்துத்தான் எழுத முடியும். அந்த ஒருவன் நான்தான்.

அந்தோணி அண்ணன் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. ஜொகூர் மாநிலம் முழுக்கச் சங்கிலியும் மூன்றுகால் தாங்கியுமாக அலைந்தவர். பன்னிரண்டு வருஷமாக வியாழக்கிழமை தோறும் அதே மூன்று நண்பர்களோடு ஆடுகிறார். கோல்ஃபில் இப்படிச் சேர்ந்து ஆடும் நாலு பேருக்கு ஃப்ளைட் என்று பெயர். அவர்கள் ஆடும் மைதானத்தில் பதினொன்றாவது குழிக்கு முன்னால் ஒரு குளம். பந்து நூற்று நாற்பது மீட்டர் காற்றிலேயே போனால்தான் அக்கரை சேரும். ஒரு வருஷமாக அண்ணன் பந்து சேரவில்லை.

“மாசக் கடைசியில சீனியர் டீமுக்குப் பேர் குடுக்கணும். நாலு பேர். மத்த மூணு பேரும் ரெடி. ‘அந்தோணி, தண்ணிய தாண்டு, இல்லன்னா வேற ஆள் பார்க்கணும்’னு ஹாஜி நேரா சொல்லிட்டாரு. அவர் மேல தப்பில்ல, போன வருஷம் என்னாலதான் தோத்தோம். இந்த டீம்ல இல்லன்னா வியாழக்கிழமையும் கொஞ்சம் கொஞ்சமா போயிடும் தம்பி. எனக்குத் தெரியும்.”

ஹாஜி என்று அவர் சொன்னது அந்த மூவரில் உணவகம் வைத்திருக்கும் நண்பரை. மாதக் கடைசிக்கு இன்னும் மூன்றரை வாரம் இருந்தது. அவருக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று முதல் நாளே எனக்குத் தெளிவாகத் தெரியும். தெரியாது என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

2. மூன்று தலைகள்

நீளமான அயன்கள் வேகமாக வீசுகிறவர்களுக்கு. வேகம் குறைந்தால் பந்து எழும்பாது, தரையை ஒட்டிப் போய்த் தொப்பென்று விழும். அந்த இடத்துக்கு வந்ததுதான் ஹைப்ரிட். பாதி அயன், பாதி மரக்கட்டை என்று நாங்கள் சொல்லும் பருத்த தலை மட்டை. ஆனால் எல்லா ஹைப்ரிட்டும் ஒன்றில்லை. அன்று அவருக்கு முன்னால் மூன்றை வைத்தேன்.

முதலாவது, அயனுக்குத் தம்பி மாதிரி. சின்னத் தலை, ஒடுங்கிய அடிப்பாகம். எடை, பந்தில் படும் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். நன்றாக ஆடுகிறவர்கள் விரும்புவார்கள், ஏனென்றால் பந்தை இடமோ வலமோ வளைக்கலாம். அண்ணன் அடித்தால் நேராகத்தான் போனது, ஆனால் மின்கம்ப உயரம்கூட எழும்பவில்லை.

இரண்டாவது, மரக்கட்டைக்குத் தம்பி. அகலமான அடிப்பாகம், எடை முழுக்கக் கீழேயும் பின்னாலேயும். பந்து தானாகக் கிளம்பும். ஷாஃப்டும் லேசு. ஆனால் இதில் ஆஃப்செட் உண்டு, அதாவது முகம் ஷாஃப்டை விடக் கொஞ்சம் பின்வாங்கி இருக்கும். பந்தை வலது பக்கம் சிதறவிடுகிறவர்களுக்கு அது வரம். அண்ணனுக்கோ பந்து ஏற்கெனவே இடது பக்கம் போகும் பழக்கம். இதில் அடித்தபோது பந்து உயரமாக எழும்பி, அழகாக வளைந்து, இடது பக்க வலையில் போய்ச் சாய்ந்தது.

மூன்றாவதில் எடை பின்னால்தான், ஆனால் ஆஃப்செட் கிடையாது. கழுத்தில் ஒரு திருகு. சாவியால் திருப்பினால் முகத்தின் சாய்வைக் கூட்டலாம், குறைக்கலாம். தலை அருமை. அதில் போட்டிருந்த ஷாஃப்ட்தான் அவருக்குப் பாரம். பத்தாவது பந்துக்குமேல் தோள் இறங்கிவிட்டது.

தலையின் முகத்தில் வெள்ளைப் பொடி தெளித்து அடிக்கவிட்டேன். பந்து எந்த இடத்தில் பட்டது என்று அதில் தடம் விழும். மூன்றிலும் தடம் குதிகால் பக்கமே, அதாவது ஷாஃப்ட் சேரும் பக்கமே இருந்தது. ஷாஃப்ட் அவருக்கு நீளம் என்று அர்த்தம். மூன்றாவது தலை, இரண்டாவதின் லேசான ஷாஃப்ட், அரை அங்குலம் வெட்டு, திருகில் ஒரு படி சாய்வு கூட்டு. அவ்வளவுதான் விடை. மணி பதினொன்றரைகூட ஆகவில்லை.

“இன்னும் பார்க்கணும் அண்ணே. அடுத்த செவ்வாய் வாங்க,” என்றேன். அந்த நிமிஷத்தில் அதில் பொய் இல்லை. ஒட்டிப் பார்க்காமல் வாக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை. அவர் போனதும் கையிருப்பில் இருந்த லேசான ஷாஃப்ட் ஒன்றை எடுத்து வெட்டி, எப்பாக்ஸி போட்டு ஒட்டினேன். மறுநாள் காலை கைப்பிடி மாட்டினேன். வழக்கம்போல ஷாஃப்டில் வெள்ளை டேப் சுற்றி ‘அந்தோணி’ என்று எழுதி, தேதி போட்டு, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

3. ஒரு நேரத்தில் ஒன்று

என் வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததிலிருந்து என் மனைவி வசந்தா சிங்கப்பூரில் அவளோடு இருக்கிறாள். முதலில் வாரக் கடைசி தோறும் வந்தாள். பிறகு எல்லைப் பாலத்தில் நெரிசல் என்று மாதம் ஒருமுறை. பிறகு பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மகளுக்கு ஷிஃப்ட் மாற்றம் என்று அதுவும் தள்ளிப் போனது. சாயங்காலம் போன் வரும்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

“எனக்கென்ன பிரச்சினை? ஜாலியா இருக்கேன்.”

போனை வைத்ததும் வீட்டில் ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கும். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றே சாப்பிடுவேன். நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி தெரியும். பட்டறையிலும் பேச்சுக்கு ஆளில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், மானிட்டரைப் பார்ப்பார்கள், போவார்கள்.

இரண்டாவது செவ்வாய் அண்ணன் தின்பதற்குக் கறிபாப் வாங்கிக்கொண்டு வந்தார். கிளப்பை எடுத்துக் கொடுத்துவிடத்தான் எழுந்தேன். அதற்குள் அவர் காஹாங் பக்கம் செம்பனைத் தோட்டத்து எல்லையை அளந்த கதையை ஆரம்பித்துவிட்டார். சங்கிலி பிடித்த ஆள் காட்டுப்பன்றியைக் கண்டு ஓடிவிட்டானாம். பன்றி தாங்கியை முட்டித் தள்ளிவிட்டதாம்.

“அலமாக், அளந்த புள்ளிய ரெண்டடி நகர்த்திடுச்சு தம்பி! என்ன காரணம்னு ரிப்போர்ட்ல எழுதணும். ‘பன்றி’ன்னு எழுதினேன். ஆபீசர் திருப்பி அனுப்பிட்டாரு, ‘பன்றியின் பெயர், பதவி என்ன?’ன்னு.”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளப்பைக் கொடுத்தால் இவர் ஏன் இனி வரப் போகிறார் என்று அப்போதுதான் தோன்றியது. எழுந்தவன் திரும்ப உட்கார்ந்தேன்.

“இன்னிக்கு ஷாஃப்ட் மட்டும் மாத்திப் பார்ப்போம் அண்ணே. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டை மாத்தினா எதுனால நல்லா வந்துச்சுன்னு தெரியாது.”

“கரெக்ட்லா,” என்றார். அளவையாளர் அல்லவா, அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்தது. தன் பழைய ஃபீல்டு புத்தகத்தில் கோடு போட்டு எண்களை எழுதினார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. நல்ல விதி. அதை வைத்துத்தான் அவரை இழுத்தடித்தேன். ஒரு வாரம் ஷாஃப்ட், மறு வாரம் கைப்பிடியின் பருமன். முதல் தலையில் லேசான ஷாஃப்டைப் போட்டேன். மூன்றாவது தலையில் நடுத்தர எடையைப் போட்டேன். மூன்றாவது தலையும் லேசான ஷாஃப்டும் மட்டும் ஒன்று சேராதபடி பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் தூரம் ஐந்து மீட்டர், ஆறு மீட்டர் குறைந்தே நின்றது. அவர் அதையும் ஒழுங்காக எழுதிக்கொண்டார்.

தவ்கே, அதாவது முதலாளி, ஒருநாள் எட்டிப் பார்த்து “சுடா பெலி கா?” என்று மலாயில் கேட்டார், வாங்கிவிட்டாரா என்று. “பெலும்,” இன்னும் இல்லை என்றேன். நீ கவனமாக வேலை செய்கிறவன் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. அண்ணனுக்கும் வீட்டில் பேச ஆளில்லை போல, அதனால்தான் ஆர அமர உட்காருகிறார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அவர் வீட்டில் மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஏழு பேர். அதை அவரே சொல்லியிருந்தார். நான் காதில் வாங்கவில்லை.

நாலாவது செவ்வாய் அவர் கதை சொல்லவில்லை.

“நாளன்னிக்கு ஹாஜி பார்க்கப் போறாரு. அன்னிக்கே முடிவு. ஏதாவது ஒண்ணு குடு தம்பி, எது கிட்ட வருதோ அது.”

கதவு மூன்றடி தூரத்தில் இருந்தது. அதன் பின்னால் அவர் பெயர் எழுதிய கிளப் இருந்தது. நான் இரண்டாவது டெமோ கிளப்பை எடுத்து நீட்டினேன். “இதுல பந்து நல்லா எழும்பும். ஆடிட்டு வந்து சொல்லுங்க, மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துடலாம்,” என்றேன். எழும்பும், ஆனால் இடது பக்கம் போகும். அது எனக்குத் தெரியும். இன்னும் ஒரு செவ்வாய் கிடைத்தது என்று மட்டும்தான் அப்போது மனசில் ஓடியது.

4. வெள்ளை டேப்

வெள்ளிக்கிழமை காலை டெமோவைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் முன்னால் கவுண்டரில் ஒருவருக்குக் கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். “நானே வச்சிடறேன்,” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குள் போனார். போனவர் வரவில்லை. கையுறைக்காரர் கிளம்பியதும் உள்ளே போனேன்.

அண்ணன் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் அந்த ஹைப்ரிட். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டேப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

“இது யாரு அந்தோணி?”

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“தேதி போட்டிருக்க. நான் மொத தடவ வந்ததுக்கு மறுநாள்.” கிளப்பின் தலையைத் திருப்பிப் பார்த்தார். “மூணாவது தலை. லேசு ஷாஃப்ட். இது ரெண்டையும் நீ சேர்த்துக் குடுக்கவே இல்ல. புக்குல இல்ல. நேத்து ராத்திரிதான் யோசிச்சேன், ஏன் இது மட்டும் விட்டுப்போச்சுன்னு. உன்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்.”

“அண்ணே, உக்காருங்க.”

“நேத்து ரெண்டு பந்து. ஒண்ணு குட்டையா, ஒண்ணு இடது பக்கம். ரெண்டும் தண்ணி. ஹாஜி ஒண்ணும் சொல்லல. போய்க் கோப்பி வாங்கிட்டு வந்து கையில குடுத்தாரு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. எம்பேரை எடுத்துட்டாங்க.”

ரேஞ்சில் யாரோ பந்தடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஏன் சேகர்?”

முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை தம்பிதான். பாகம் வரத் தாமதம், எப்பாக்ஸி காயவில்லை என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம். உண்மையைத்தான் சொன்னேன்.

“இதைக் குடுத்துட்டா அடுத்த வாரம் நீங்க வர மாட்டீங்கன்னு…”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகத்தில் வந்தது கோபமல்ல, வேறு ஏதோ. அதைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

“கூட உக்காந்து டீ குடிக்க ஆள் வேணும்னா, ‘அண்ணே, வாங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. வந்திருப்பேன்லா. பந்தே அடிக்காம வந்திருப்பேன்.”

அந்தக் கிளப்பை எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் போனார். ஐந்து பந்து அடித்தார். நான் பின்னால் நின்று மானிட்டரைப் பார்த்தேன். நூற்று நாற்பத்தாறு, நூற்று நாற்பத்தொன்பது, நூற்று நாற்பத்தைந்து. நேராக, உயரமாக. பழக்கத்தில் ஃபீல்டு புத்தகத்தைத் திறந்து மூன்று எண்களை எழுதினார். நாலாவதை எழுதப் போய் நிறுத்திவிட்டு, புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டார்.

விலையைத் தவ்கேயிடம் கொடுத்தார். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார். வாசலில் டேப்பை உரித்துக் குப்பைத்தொட்டியில் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கடுத்த செவ்வாயும்.

5. புதிதாக வருகிறவர்களுக்கு

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வசந்தா வழக்கம்போல “ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்று கேட்டாள்.

“இருக்கு,” என்றேன். “தனியா இருக்க முடியல வசந்தா.”

மறுமுனையில் குழந்தை அழுதது. அவள் அதைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து, கோபமாகவே கேட்டாள்: “தினம் கேக்கறேனே. ஜாலியா இருக்கேன்னு சொன்னது யாரு? நான் இங்க இல்லன்னா உங்களுக்கு நிம்மதின்னு நினைச்சேன்.” மறுநாள் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். வீடு இப்போதும் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது. போனில் மட்டும் நான் ஜாலியாக இருப்பதாகச் சொல்வதில்லை.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஹைப்ரிட்டை ஒப்பிடும்போது முதலில் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், முன்னாலா, பின்னாலா. ஆஃப்செட் இருந்தால் ஆளின் பந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியாமல் கையில் கொடுக்காதீர்கள். தலையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், பாதி வேலையை ஷாஃப்ட்தான் செய்கிறது. பொடித் தடத்தை நம்புங்கள், வாடிக்கையாளர் சொல்லும் தூரத்தை நம்பாதீர்கள், எல்லாரும் பத்து மீட்டர் கூட்டித்தான் சொல்வார்கள். விடை தெரிந்தால் தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருக்கு அந்த நாள் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, பெட்ரோல் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். காரின் பின்பக்கம் திறந்திருந்தது, கோல்ஃப் பை உள்ளே கிடந்தது. ஒளிந்துகொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு பக்கத்தில் போனேன்.

“தண்ணி தாண்டுதா அண்ணே?”

“தாண்டுது,” என்றார். எந்த ஃப்ளைட்டில் ஆடுகிறார், யாரோடு ஆடுகிறார் என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கேட்டேன்.

“நேரம் இருந்தா, ஒரு டீ குடிக்கலாமா அண்ணே?”

அவர் பெட்ரோல் குழாயை எடுத்து அதன் இடத்தில் மாட்டினார்.

“வேணாம் சேகர்,” என்றார். சத்தமில்லாமல், மரியாதையாக. பின்கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வலித்தது. ஆனால் இந்த முறை அவரிடம் நேராகக் கேட்டேன், அவரும் நேராக மறுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருந்த உரிமையைத்தான் நான் அந்த மூன்று வாரமும் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தேன்.